பழைய அமெரிக்க அரை டாலரில் ஓரிடம் மட்டும் மழுங்கியிருந்தால் அது தேய்மானமா?

கேள்வி 1814ஆம் ஆண்டு அரை டாலரைப் பற்றியது. அதில் உள்ள லிபர்டி (சுதந்திரத்தின் உருவமான பெண்) தலையின் கூந்தலும் கன்னமும் கூர்மையாக இருக்கின்றன. தோளில் உடையைப் பிணைக்கும் கொக்கி மட்டும் மழுங்கல். விற்பவர் 'விஎஃப்' (ஓரளவு தேய்ந்தாலும் நல்ல நிலை) என்கிறார், நண்பர் 'ஏயூ' (ஏறக்குறைய புழங்காத நிலை) என்கிறார். நாணயத்தின் நிலையை 70 வரை எண்ணால் மதிப்பிடும் ஷெல்டன் அளவுகோலில் முன்னது 20 முதல் 35 வரை, பின்னது 50 முதல் 58 வரை. விலையில் பெரிய வித்தியாசம்.

நான் நண்பர் பக்கம். புழக்கத்தில் தேயும் நாணயத்தில் கன்னமும் நெற்றிக்கு மேலுள்ள முடியும் தப்பிப்பதில்லை. அவை கூர்மையாக இருக்க, கொக்கி மட்டும் தேய்ந்தது எப்படி?

நாணயத்தைத் திருப்பிப் பாருங்கள். கொக்கிக்கு நேர் பின்னால் கழுகின் சிறகும், மேலே 'இ ப்ளூரிபஸ் யூனம்' என்ற லத்தீன் வாசகப் பட்டையும் இருக்கின்றன. அங்கேயும் எழுத்துகள் மங்கியிருந்தால் வழக்கு ஏறக்குறைய முடிந்தது. இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் மேடு வரும்போது, இரண்டு அச்சுகளின் பள்ளங்களையும் நிரப்ப அங்கே வெள்ளி போதவில்லை. 1836இல் நீராவி இயந்திரம் வரும்வரை பிலடெல்பியா நாணயச்சாலையில் ஆட்கள்தான் திருகு அழுத்தியைச் சுழற்றினார்கள். எல்லா அடியும் ஒரே பலத்தில் விழாது.

அடுத்து பத்து மடங்கு உருப்பெருக்கி. நாணயத்தை விளக்கின் கீழே மெல்லச் சாய்த்துச் சுழற்றி, அந்த மழுங்கலின் தோலைப் பாருங்கள். தேய்ந்த இடம் கரைந்த சோப்பைப் போல வழவழப்பாக, சாம்பல் பூத்து இருக்கும். அச்சு சரியாகப் பதியாத இடம் சற்றே சொரசொரப்பாக இருக்கும். அடிக்கும் முன் வெறும் வில்லையில் இருந்த சிறு குழிகள் அங்கே அழியாமல் நிற்கும். மினுக்கமும் அதன் மேல் ஓடும். அந்த மினுக்கம்தான் என்னைப் பொறுத்தவரை முதல் சாட்சி.

இன்னும் பழைய 1790களின் நாணயங்களில் அரத்தால் ராவிய இணைகோடுகளும் தெரியும். எடை கூடிய வில்லையை அடிப்பதற்கு முன்பே நாணயச்சாலையில் ராவிக் குறைத்த தடயம் அது. பலர் கீறல் என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். 1794 வெள்ளி டாலரின் கதை வேறு. அவ்வளவு பெரிய நாணயத்துக்கு அன்றைய அழுத்தியில் வலு போதவில்லை, அச்சுகளும் ஒன்றுக்கொன்று இணையாகப் பொருந்தவில்லை. அதனால் இடப்பக்க நட்சத்திரங்கள் பெரும்பாலும் மங்கலாகவே விழுந்தன. அப்படிப்பட்ட ஒரு நாணயத்தை நட்சத்திரங்களை மட்டும் வைத்து எடைபோடுவது அநியாயம்.

தரம் வேறு, விலை வேறு. 'ஏயூ' என்றே சான்றிதழ் கிடைத்தாலும், முழுமையாகப் பதிந்த நாணயத்தின் விலை இதற்குக் கிடைக்காது. மினுக்கமே எங்கும் இல்லாமல் மெல்லிய கோடுகள் தெரிந்தால், யாரோ தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள், விட்டுவிடுங்கள். அப்படி இல்லாமல், விற்பவர் 'விஎஃப்' விலைக்கே தருகிறார் என்றால் அவருடன் தரம் பற்றி வாதாட வேண்டாம். பணத்தைக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.