சைகை மொழி சரளமாகத் தெரிந்தவர் எழுத்து ஆங்கிலத்தில் ஏன் தடுமாறுகிறார்?

அறிவுக் குறைவா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை. பிறவியிலேயே காது கேளாதவருக்கு ஆங்கிலம் இரண்டாவது மொழி, அதுவும் ஒருமுறைகூடக் காதில் விழாத மொழி.

அமெரிக்கச் சைகை மொழி ஆங்கிலத்தைக் கையால் காட்டுவது இல்லை. அதற்குத் தனி இலக்கணம் உண்டு என்று 1960-லேயே வில்லியம் ஸ்டோக்கி என்ற மொழியியலாளர் எடுத்துக்காட்டிவிட்டார். 'நேற்று' என்று முதலில் காட்டிவிட்டால் போதும், பின்னால் வரும் வினைச்சொற்களுக்குக் காலம் காட்டும் விகுதி வேண்டாம். கேள்வி என்பதைப் புருவமே சொல்லிவிடும். 'இஸ்', 'வாஸ்' போன்ற சொற்களுக்கு வேலையே இல்லை. சைகை மொழியில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும்போது அவை விட்டுப்போவது இயல்புதான். 'அவர் ஆசிரியர்' என்று இரண்டே சொல்லில் முடிக்கும் நமக்கு இது புரியாதா என்ன?

அப்புறம், காது கேட்கும் குழந்தை ஏற்கெனவே பேசத் தெரிந்த மொழிக்குத்தான் எழுத்தைக் கற்கிறது, கேளாத குழந்தைக்கோ எழுத்தும் மொழியும் ஒரே நேரத்தில் புதிது. பெரும்பாலும் பெற்றோர் காது கேட்பவர்கள், சைகை தெரியாதவர்கள் என்பதால் முதல் மொழியே தாமதமாகத்தான் கிடைக்கிறது. உண்மையான இழப்பு இதுதான். 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு சைகையை ஒதுக்கிப் பேச்சுப் பயிற்சியைத் திணித்ததில் தலைமுறைகளே பாதிக்கப்பட்டன, அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

சைகை ஆங்கிலத்தைக் கெடுத்துவிடும் என்ற பயம் வேண்டாம். சின்ன வயதிலேயே சைகை நன்றாகப் பழகிய குழந்தைகள் பொதுவாக வாசிப்பிலும் முன்னால்தான் நிற்கிறார்கள்.