வில்லுப்பாட்டை வீட்டில் பதிவு செய்ய எந்த மென்பொருள்?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். அப்பா கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு பாடுகிறவர். அவருடைய கதைகளை வீட்டிலேயே பதிவு செய்ய ஆசை. 8 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் லேப்டாப் இருக்கிறது. இருபதாயிரம் ரூபாய் வரை செலவழிக்க முடியும். எந்த மென்பொருள் வாங்கலாம்? உடுக்கை, குடம் போன்றவற்றுக்கு மெய்நிகர் கருவிகளும் (கணினிக்குள்ளேயே வாசிக்கும் வாத்தியங்கள்) வாங்க வேண்டுமா?

பதில்: உடுக்கைக்கும் குடத்துக்கும் மெய்நிகர் கருவி தேடிப் பணத்தைக் கரைக்காதீர்கள். தாள வாத்தியங்களுக்கான மெய்நிகர் கருவி பெரும்பாலும் தனித்தனியே பதிந்து வைத்த அடிகளின் தொகுப்புதான். உடுக்கைக்காரர் இடைக்கயிற்றை அழுத்தி விடும்போது ஒரே அடிக்குள் நாதம் ஏறி இறங்குகிறதே, அந்த நெளிவை விசைப்பலகையில் கொண்டுவருவது பெரும்பாடு. வாசிப்பவரே உங்கள் வீட்டுக்கு வந்து உட்காருவார், அவரைப் பதியுங்கள்.

மென்பொருளில் என் தேர்வு ரீப்பர். 60 நாள் எல்லா வசதிகளோடும் பணம் கட்டாமல் பழகிப் பார்க்கலாம். அதன் பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். நம் பணத்தில் ஐயாயிரத்துக்குச் சற்று மேல். பழைய லேப்டாப்பையும் அது திணறடிக்காது. குரலைப் பதிந்து வெட்டி ஒட்டினால் போதும் என்றால் முற்றிலும் இலவசமான ஆடாசிட்டியே போதும். ஆனால் அதில் மெய்நிகர் கருவிகளை வாசிக்க முடியாது. பாட்டுக்கு அடியில் மெல்லிய சுருதி வேண்டுமென்றால் டீசன்ட் சாம்ப்ளர் என்ற இலவச மென்பொருளை ரீப்பருக்குள் திறந்துகொள்ளுங்கள்.

மிச்சப் பணம் முழுவதும் ஒலி உள்ளே நுழையும் வாசலுக்குப் போகட்டும். மைக்கின் ஒலியை லேப்டாப்புக்குள் அனுப்பும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸ், இரண்டு மைக் செருகக்கூடியதாக ஒன்றும் டைனமிக் மைக் இரண்டும் வாங்குங்கள். கண்டென்சர் மைக் நுட்பமானதுதான். ஆனால் தெருவில் போகும் பஸ்ஸையும் பக்கத்து வீட்டு மிக்சியையும் சேர்த்துப் பிடித்துவிடும். ஒரு மைக் அப்பாவுக்கு, மற்றொன்று குடத்துக்கும் உடுக்கைக்கும் நடுவில். பத்தமடைப் பாயைச் சுவரில் தொங்கவிட்டால் எதிரொலி அடங்கும் என்று சிலர் சொல்வார்கள். பாய் மெல்லியது, பலன் சொற்பம். பஞ்சு மெத்தைகளைச் சுவரோரம் நிமிர்த்தி வையுங்கள்.

ஹெட்போனில் குரல் பிந்திக் கேட்டால் பயப்பட வேண்டாம். லேப்டாப் ஒலியைச் சிறு சிறு கட்டுகளாகச் சேர்த்துத்தான் கையாளும்; அந்தக் கட்டின் அளவுதான் பஃபர். ரீப்பரில் பஃபர் அளவு 1024 என்று இருந்தால், 48,000 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 48,000 மாதிரிகள்) பதிவில் அது மட்டுமே 21 மில்லி விநாடி தாமதம். பதியும்போது 128 ஆக்கினால் 3 மில்லி விநாடிக்கும் கீழே இறங்கிவிடும்.

ஒரே வேகத்தில் டிக் டிக் என்று தாளம் காட்டும் மெட்ரோனோமை அணைத்துவிடுங்கள். வில்லுப்பாட்டின் வேகம் கதையோடு கூடும், குறையும். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பதியவும் வேண்டாம். அப்பாவின் முகத்தைப் பார்த்தால்தான் பக்கப்பாட்டுக்காரரின் "ஆமா" சரியான இடத்தில் விழும். ஒலி அளவைச் சரிசெய்ய, சாமி வரும் கட்டத்தை முதலில் பாடச் சொல்லுங்கள். அப்போதும் அளவுமானி மைனஸ் 12 டெசிபலைச் சுற்றியே நிற்க வேண்டும்.

அதே 48,000 ஹெர்ட்ஸில், 24 பிட் பதிவில் ஒரு மைக்குக்கு ஒரு மணி நேரம் சுமார் 520 எம்பி பிடிக்கும். ஒருமுறை ஹார்ட் டிஸ்க் பழுதாகி, விடிய விடியப் பதிந்த ஒரு கொடைப்பாட்டை நான் இழந்தேன். பாடிய பெரியவர் இப்போது உயிரோடு இல்லை. பதிவு முடிந்த அன்றே, படுக்கப் போகும் முன், வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள்.