காவலரை ஓய்வு நேரத்தில் சீருடையோடு கடைக் காவலுக்கு வைத்துக்கொள்ளலாமா?

உங்களுக்குக் காட்பாடியில் துணிக்கடை. பழக்கமான காவலர் ஒருவர், டூட்டி முடிந்த நேரத்தில் யூனிஃபார்மிலேயே வந்து தீபாவளி வரை வாசலில் நிற்கிறேன், தினப்படி கொடுத்தால் போதும் என்கிறார். அமெரிக்காவில் இது சகஜமாமே, இங்கே வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். சட்டத்துக்குப் பிறகு வருகிறேன். என் கண் முன்னால் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. வேலூரில் ஒரு துணிக்கடையில் பில் கவுன்டரில் வேலை பார்த்தேன். கடைப் பெயர் வேண்டாம். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரமும் மாலை ஆறு மணிக்கு ஒரு காவலர் வந்துவிடுவார். காக்கிச் சட்டை, தொப்பி, கையில் லத்தி. முதலாளிக்குத் தெரிந்தவர். இரவு கடை சாத்தும்போது கவரில் பணம் வாங்கிக்கொண்டு போவார். கெட்ட மனிதர் இல்லை. எங்களையெல்லாம் ‘சாப்டியாம்மா’ என்று கேட்பவர்.

ஒரு நாள் அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா துணி எடுக்க வந்திருந்தார். 640 ரூபாய்க்கு ஒரு பச்சைப் புடவை, பேத்திக்கு ஒரு பாவாடை சட்டை. வெளியே போகும்போது பையைப் பார்த்த பையன், பாவாடை சட்டைக்குப் பில் இல்லை என்று சூப்பர்வைசரைக் கூப்பிட்டான். சூப்பர்வைசர் காவலரைக் கூப்பிட்டார். அந்த அம்மாவைக் குடோன் கதவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காரவைத்து, பையை மேசையில் கொட்டினார்கள். சுருக்குப்பை, மாத்திரை அட்டை, நாலாய் மடித்த பஸ் டிக்கெட், ஒரு சீப்பு வாழைப்பழம்.

‘பில்லு குடுத்தாங்கய்யா, நான் துட்டு கட்டிட்டேன்யா’ என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். ‘உட்காரும்மா, ஸ்டேஷனுக்குப் போனா பெரிசாயிடும்’ என்றார் காவலர். அவர் மிரட்டிச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் ஸ்டேஷன் என்ற சொல்லைக் கேட்டதும் அந்த அம்மா எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

தவறு என்னுடையது. கூட்டத்தில் இரண்டு பில்லாகப் பிரித்துப் போட்டவள் நான். இரண்டாவது பில்லை அவர் கையில் கொடுக்காமல் கடைக் காப்பியோடு சேர்த்துக் கம்பியில் குத்திவிட்டேன். அதைக் கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆனது. பில்லை எடுத்துக்கொண்டு ஓடினேன். முதலாளி ஒரு துணிப்பையை இலவசமாகக் கொடுத்து அனுப்பிவைத்தார். அந்த அம்மா யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழத்தைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, ஒடுகத்தூர் பஸ் போய்விடும் என்று கிளம்பிவிட்டார்.

அவர் ஏன் கேட்கவில்லை என்பதுதான் இத்தனை வருடமாக என் மனதை விட்டுப் போகவில்லை. வாசலில் சாதாரண வாட்ச்மேன் இருந்திருந்தால், ‘நீ யாருய்யா என் பையைக் கொட்டறதுக்கு? வா போலீஸுக்கு’ என்று அந்த அம்மா சத்தம் போட்டிருப்பார். எங்கள் ஊர் அம்மாக்கள் அதற்கெல்லாம் தயங்குகிறவர்கள் இல்லை. ஆனால் போலீஸே எதிரில் நின்று கடைக்காரர் பக்கம் பேசும்போது அவர் யாரிடம் போவார்? நியாயம் கேட்டு வரவேண்டியவரை முதலாளி முன்கூட்டியே பணம் கொடுத்துத் தன் பக்கம் நிறுத்திக்கொண்டார். அந்த இருபது நிமிடம் எந்த ஸ்டேஷன் நோட்டிலும் பதிவாகவில்லை.

இனி சட்டம். தமிழ்நாட்டில் காவலர்களுக்கு 1964-ஆம் ஆண்டின் சார்நிலைக் காவல் அலுவலர் நடத்தை விதிகள் இருக்கின்றன. அரசு வேலையில் இருந்துகொண்டு அனுமதியில்லாமல் வெளியே சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. தெரியவந்தால் துறை நடவடிக்கை அவர் மேல்தான் பாயும். ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆன என் மாமாவிடம் இதைக் கேட்டபோது அவர் வேறு இடத்தைத் தொட்டார். ‘அவன் அங்க நிக்கறது ஜி.டி.யில இருக்கா? இல்லல்ல. நாளைக்குக் கூட்டத்துல அவனுக்கு அடிபட்டா, டூட்டியில அடிபட்டான்னு யாரு எழுதித் தருவாங்க?’ என்றார். ஜி.டி. என்பது ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பு. யார் எங்கே டூட்டிக்குப் போனார், எப்போது திரும்பினார் என்பதெல்லாம் அதில் ஏறும். உங்கள் நண்பருக்குக் குடும்பம் இருக்கிறது, இதை அவரும் யோசிக்க வேண்டும்.

அமெரிக்கா விஷயம் உண்மைதான். அங்கே பல நகரங்களில் காவலர்கள் ஓய்வு நேரத்தில் சீருடையும் துப்பாக்கியுமாகக் கடை, வங்கி, கிளப் வாசலில் நிற்கத் துறையே அனுமதிக்கிறது. நியூயார்க்கில் 1998 முதல் இதற்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. ஆனால் அங்கேயும் இது நல்ல ஏற்பாடு என்று எல்லோரும் ஒத்துக்கொண்டுவிடவில்லை. மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் கையில் கொல்லப்பட்ட பிறகு, அந்நகரக் காவல் துறையை அந்நாட்டு மத்திய அரசின் நீதித் துறை விசாரித்து 2023-இல் அறிக்கை வெளியிட்டது. இந்த வெளிவேலைகளைப் பற்றியும் அதில் சொல்லியிருக்கிறார்கள்: நல்ல வரும்படி உள்ள வெளிவேலைகள் கீழ்நிலைக் காவலர்கள் கையில் இருப்பதால், அதில் பங்கு வேண்டும் என்று நினைக்கும் மேலதிகாரி அவர்களைக் கண்டிக்கத் தயங்குகிறார். படித்தபோது பகீரென்றது. நம் ஊரில் திறந்துவிட்டால் ஒரே வருடத்தில் எந்தக் கடை யாருக்கு என்ற சண்டை வந்துவிடும்.

அதற்காகப் பணம் கட்டிப் போலீஸ் பாதுகாப்பு வாங்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. காசு யாரிடம் போகிறது, உத்தரவு யார் போடுகிறார்கள் என்பதுதான் கேள்வி. 1921-இல் பிரிட்டனின் வேல்ஸில் நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தம் நடந்தபோது, ரோந்து போதும் என்றது போலீஸ். சுரங்கத்துக்குள்ளேயே ஆள் தங்க வேண்டும் என்று நிர்வாகம் அடம்பிடித்து, பணம் தருவதாகவும் எழுதிக் கொடுத்தது. பிறகு தரமாட்டேன் என்றது. வழக்கு, அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. போலீஸ் அவசியம் என்று நினைத்ததற்கு மேல் கேட்டு வாங்கினால் கட்டணம் கட்டத்தான் வேண்டும் என்று தீர்ப்பானது. கட்டணம் அங்கே காவல் அமைப்புக்குப் போனது, தனி ஆள் பைக்குப் போகவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன், நம் அரக்கோணத்துக்குப் பக்கத்தில் தக்கோலத்தில் சி.ஐ.எஸ்.எஃப். என்கிற மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் பயிற்சி மையம் இருக்கிறது. மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு 2009-இல் சட்டத்தைத் திருத்தி, அந்தப் படை தனியார் நிறுவனங்களுக்கும் கட்டணத்தின் பேரில் காவல் போட வழி செய்தார்கள். நிறுவனம் அரசுக்குப் பணம் கட்டுகிறது, வீரருக்கு அரசு சம்பளம் கொடுக்கிறது. அவர் நிறுவன முதலாளிக்குக் கடமைப்பட்டவர் இல்லை.

உங்கள் நண்பர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. இரண்டாம் நிலைக் காவலருக்கு அடிப்படைச் சம்பளம் 18,200 ரூபாயில் தொடங்குகிறது. வேலூர் வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்று 2021-இல் அரசாணை வருவதற்கு இந்த மனிதர்கள் எத்தனை வருடம் கேட்டார்கள் தெரியுமா? அந்த ஓய்வையும் கடை வாசலில் நின்றே கழித்தால், மறுநாள் ஸ்டேஷனுக்குப் புகார் கொடுக்க வருகிறவர் தூங்காத கண்ணோடு இருக்கும் ஒருவரிடம்தான் பேச வேண்டியிருக்கும். சம்பளம் போதவில்லை என்றால் சம்பளத்தைக் கூட்டச் சொல்லி நாமும் சேர்ந்து கேட்கலாம்.

இன்னொன்று, காக்கி நின்றால் திருட்டு நடக்காது என்பதும் பாதிதான் உண்மை. 2021 டிசம்பரில் தோட்டப்பாளையத்தில் ஒரு பெரிய நகைக்கடையின் பின்சுவரைத் துளைத்துச் சுமார் 15 கிலோ தங்கத்தை ஒருவன் திருடினானே, ஞாபகம் இருக்கிறதா? முகமூடி போட்டு, கேமரா மேல் ஸ்பிரே அடித்துவிட்டுப் போனான். முன்வாசலில் யார் நின்றாலும் அது தெரிந்திருக்காது. சில நாட்களிலேயே ஆளைப் பிடித்து, ஒடுகத்தூர் சுடுகாட்டில் புதைத்திருந்த நகைகளை மீட்டது போலீஸ்தான், தங்கள் சொந்த வேலையைப் பார்த்து.

சரி, தீபாவளிக்கு என்ன செய்யலாம்? லைசென்ஸ் உள்ள செக்யூரிட்டி ஏஜென்சியில் ஆள் எடுங்கள். முன்னாள் ராணுவத்தினர் வேண்டும் என்று கேட்டால் கிடைப்பார்கள். அவர்களுக்குக் காக்கி மாதிரி எதையும் போட்டுவிடாதீர்கள். தனியார் காவலாளி போலீஸ் உடையையோ அதைப் போலத் தோன்றும் உடையையோ போட்டால், 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டப்படி அவருக்கும் ஏஜென்சி உரிமையாளருக்கும் ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பைகளைப் பார்க்க ஒரு பெண்ணை வைத்துக்கொள்ளுங்கள், பில் கவுன்டரில் இன்னொரு ஆளையும் போடுங்கள்.

கூட்டம் ரோட்டுக்கு வந்துவிடும் என்று பயந்தால் உங்கள் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டருக்கு மனு எழுதிக் கொடுங்கள். பண்டிகை பந்தோபஸ்து எப்படியும் போடுவார்கள், உங்கள் தெருவும் அந்தக் கணக்கில் வந்துவிடும். பத்துப் பதினைந்து நாள் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். கடைசி நேரத்தில் போனால் ஆள் பிரித்துக் கொடுப்பது அவர்களுக்கும் கஷ்டம்.