டீல் கடற்கரை, மூன்று கோட்டை, ஒரு மணல்திட்டு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஆகஸ்டில் லண்டனில் மகள் வீட்டுக்குப் போகிறோம். ஒரே ஒரு நாள் கடற்கரைப் பக்கம் கூட்டிப்போகிறேன் என்கிறாள். எல்லாரும் பிரைட்டன் என்கிறார்கள். நீங்களோ சென்ற இதழில் "எனக்குப் பிடித்தது டீல்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அங்கே அப்படி என்னதான் இருக்கிறது?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: டீலுக்கே போங்கள். பிரைட்டனில் கடை, ராட்டினம், கூட்டம் எல்லாம் உண்டு. வெயில் நாளில் அந்தக் கூட்டத்துக்குள் அலைந்தால் களைப்புதான் மிஞ்சும். டீல் சின்ன ஊர். கென்ட் மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், டோவருக்குச் சற்று வடக்கே இருக்கிறது. செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்திலிருந்து வேக ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். ஸ்டேஷனில் இறங்கிச் சில நிமிடம் நடந்தால் கடல்.

நடக்கிற வரிசை முக்கியம். கரையோரப் பாதையில் நிழல் என்பதே கிடையாது. அதனால் காலையிலேயே, வெயில் ஏறுவதற்குள், கடலை இடதுபக்கம் வைத்துக்கொண்டு தெற்கே வால்மர் கோட்டைக்கு நடந்துவிடுங்கள். மேடு பள்ளம் இல்லாத தார்ப்பாதை, நிதானமாகப் போனால் முக்கால் மணி நேரம். வழியில் கூழாங்கல் மேட்டில் கடல் முட்டைக்கோஸ் என்கிற சாம்பல் பச்சைச் செடி மண்டிக் கிடக்கும். வால்மரில் அகழியே தோட்டமாகிவிட்டது, மரநிழலும் தாராளம். அங்கே ஓய்வெடுத்துவிட்டு பஸ்ஸில் டீலுக்குத் திரும்புங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் மிடில் ஸ்ட்ரீட். ஒடுங்கிய சந்துகள், ஒன்றோடொன்று ஒட்டிய பழைய வீடுகள், ஒரு பக்கமாவது நிழல் இருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் பிராந்தியும் ஜின்னும் தேயிலையும் கள்ளத்தனமாக வந்து இறங்கிய தெரு அது. தேயிலைக்கு வரி நூறு சதவீதத்துக்கும் மேலே இருந்த காலம். 1784-ல் அதை 12.5 சதவீதமாகக் குறைத்த பிறகுதான் தேயிலைக் கடத்தல் படுத்தது.

உச்சி வெயிலில் டீல் கோட்டைக்குள் புகுந்துவிடுங்கள். ஏன் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன். சாயங்காலம் பியர், அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் நடைபாலம். 1864-ல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் மீது 1940 ஜனவரியில் டச்சுக் கப்பல் ஒன்று மோதியது. மிச்சத்தை ராணுவம் இடித்தது. இப்போது இருப்பது 1957-ல் திறந்தது, 311 மீட்டர். தூண்டில்காரர்களைத் தாண்டி நுனிவரை போய்த் திரும்பி ஊரைப் பாருங்கள்.

கேள்வி: டீல் கோட்டையின் படத்தைப் பார்த்தேன். செஞ்சியையும் திண்டுக்கல்லையும் பார்த்த கண்ணுக்கு அது கோட்டையாகவே தெரியவில்லை. இவ்வளவு குட்டையாக ஏன் கட்டினார்கள்?
– ஒரு கல்லூரி மாணவர், திருவண்ணாமலை

பதில்: பீரங்கிக்காக. உயரமான சுவர் ஏணி வைத்து ஏறுகிறவனைத் தடுக்கும். பீரங்கிக்கு அதுவே நல்ல குறி. டீல் கோட்டை 1539-40-ல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி கட்டியது. போப்பாண்டவரோடு உறவை முறித்துக்கொண்டவர் அவர். பிரான்சும் ஸ்பெயினும் 1538-ல் சமாதானமானதும் இரண்டும் சேர்ந்து தன் மேல் பாயும் என்று பயந்தார். தான் கலைத்த மடாலயங்களின் செல்வத்தைக் கொண்டே கரையோரம் கோட்டைகளை எழுப்பினார். டீல், வால்மர், சாண்டவுன் என்று இந்தக் கரையில் மட்டும் மூன்று. மொத்தச் செலவு சுமார் 27,000 பவுண்ட்.

மேலிருந்து பார்த்தால் டீல் கோட்டை இதழ் விரிந்த பூவாகத் தெரியும். நடுவில் வட்டக் கோபுரம், அதைச் சுற்றி ஆறு அரைவட்டக் கொத்தளம், அதற்கும் வெளியே பெரிதாக இன்னும் ஆறு. சுவர் வளைந்திருப்பதால் குண்டு நேராகத் தாக்காமல் வழுக்கிப் போகும் என்பது கணக்கு. தட்டுத்தட்டாகப் பீரங்கி வைக்க இடம் இருக்கிறது, எல்லாத் திசையிலும் சுடலாம்.

நுழைவாயிலில் தலையைத் தூக்கிப் பாருங்கள். கதவைத் தாண்டியதும் கூரையில் ஓட்டைகள் இருக்கும். உள்ளே புகுந்த எதிரியை மேலிருந்து தாக்குவதற்கு அவை. பிறகு படியிறங்கி ரவுண்ட்ஸ் என்கிற பாதைக்குப் போங்கள். அகழியின் மட்டத்தில், வெளிச்சுவரின் கனத்துக்குள்ளேயே கோட்டையைச் சுற்றிவருகிற ஒடுக்கமான வழி அது. ஓர் ஆள் நடக்கத்தான் இடம். சில அடிக்கு ஒரு துப்பாக்கி மாடம், அகழிக்குள் இறங்கியவனைச் சுடுவதற்கு. அந்தத் துவாரங்கள் வழியாக வருவதுதான் வெளிச்சம், இடையிலே இருட்டு. கைபேசியின் டார்ச்சைப் போட்டுக்கொள்ளுங்கள். வெளியே முப்பது டிகிரி கொளுத்தும்போதும் உள்ளே சுவரில் கை வைத்தால் கல் ஜில்லென்று ஈரமாக இருக்கும், தரையில் அங்கங்கே தண்ணீர் நிற்கும். மாடத்துக்குள் புகுந்து துவாரத்தில் முகத்தை வைத்துப் பாருங்கள். அகழிப் புல்லும் எதிர்ச்சுவரும் மட்டும்தான் தெரியும், கடல் தெரியாது. காவலுக்கு நின்றவனும் அதைத்தானே நாள் முழுக்கப் பார்த்திருப்பான்!

கேள்வி: டீலில் துறைமுகமே இல்லை என்று படித்தேன். துறைமுகம் இல்லாத ஊருக்கு மூன்று கோட்டை எதற்கு?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: கேட்க வேண்டிய கேள்வி இதுதான். கப்பலில் எஞ்சினியராக இருந்தவன் நான். இந்த ஊரைக் கடல் பக்கமிருந்துதான் முதலில் படித்தேன். கரைக்கு எதிரே சுமார் பத்து கிலோமீட்டரில், நீரடியில் குட்வின் சாண்ட்ஸ் என்ற மணல்திட்டு பதினாறு கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. வற்று நேரத்தில் சில பகுதிகள் வெளியே தெரியும். அதன்மேல் கிரிக்கெட்கூட ஆடியிருக்கிறார்கள். அந்தத் திட்டுக்கும் கரைக்கும் நடுவில் இருக்கிற நீர்ப்பரப்புக்கு டவுன்ஸ் என்று பெயர். கச்சான் என்கிற மேல்காற்று அடித்தால் கரை மறைக்கும், கொண்டல் என்கிற கீழ்காற்று அடித்தால் ஓரளவுக்குத் திட்டு தாங்கும். பாய்மரக் காலத்தில் லண்டனிலிருந்து கிளம்பிய கப்பல்கள் இங்கே நங்கூரம் போட்டுத்தான் காற்றுக்காகக் காத்திருக்கும். ஆங்கிலக் கால்வாயில் வருஷத்தில் பெரும்பகுதி தென்மேற்குக் காற்று. மேற்கே போக வேண்டியவர்களுக்கு அது நேர் எதிர்க்காற்று. நாள்கணக்கில், சமயத்தில் வாரக்கணக்கில், நூற்றுக்கணக்கான கப்பல்கள் இங்கே நிற்கும்.

எதிரியின் கப்பற்படைக்கும் அது நல்ல இடம்தானே? அமைதியான நீர், எதிரே திறந்த கரை. அந்த நீரைக் காக்கத்தான் மூன்று கோட்டைகளும்.

காப்பாற்றும் திட்டே கொல்லவும் கொல்லும். 1703-ன் பெரும்புயலில் ஸ்டெர்லிங் காசில், ரெஸ்டொரேஷன், நார்தம்பர்லண்ட், மேரி என்று நான்கு போர்க்கப்பல்கள் நங்கூரம் அறுந்து குட்வினில் மோதின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் செத்தார்கள். பிழைத்தவர்கள் பிழைத்தது டீல் படகுக்காரர்களால்.

என் மனசு எப்போதும் அந்தப் படகுக்காரர்கள் பக்கம்தான். என் தாத்தா தூத்துக்குடித் தோணியில் தண்டலாக, அதாவது தோணித் தலைவராக, இருந்தவர். புதுத் துறைமுகம் வரும்வரை அங்கேயும் கப்பல் தொலைவில் நிற்கும், சரக்கைத் தோணிதான் ஏற்றி இறக்கும். டீலில் செங்குத்தான கூழாங்கல் சரிவில் கொழுப்பு தடவிய பலகைகளை வரிசையாகப் போட்டு, படகை அலைக்குள் சறுக்கி விடுவார்கள். திரும்பி வந்தால் சுழலுருளையில் கயிறு சுற்றி மேலே இழுப்பார்கள். புயலில் நங்கூரத்தை இழந்த கப்பலுக்குக் கனத்த நங்கூரத்தையும் வடத்தையும் எடுத்துப் போனவர்கள் அவர்கள். காய்கறியும் கடிதமும் பயணிகளும் போனது அந்தப் படகுகளில்தான்.

அந்தக் கப்பல்களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களும் உண்டு. டவுன்ஸில் காற்று பார்த்துக் கிளம்பி, மாதக்கணக்கில் கடலில் கிடந்து மதராஸ் வந்து சேர்ந்தால் அங்கேயும் துறைமுகம் இல்லை. ஜார்ஜ் கோட்டைக்கு எதிரே கப்பல் நிற்கும். ஆணியே அடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலா படகுதான் பயணியை அலை தாண்டிக் கொண்டுவந்து மணலில் இறக்கும். ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அந்த அலையில் தாங்காது. பயணத்தின் இரண்டு முனையிலும் அந்தந்தக் கரைக்காரர்களின் கையை நம்பித்தான் கம்பெனி இருந்தது. டீல் கடற்கரையில் நிற்கும்போதெல்லாம் நான் நினைப்பது இதைத்தான்.

கேள்வி: கோபுர உச்சியில் பந்து விழும் என்கிறார்களே, அது என்ன?
– எட்டாம் வகுப்பு மாணவி, தென்காசி

பதில்: அது மணி காட்டும் பந்து, பாப்பா. 1855-ல் வைத்தது. கடற்கரையிலேயே ஒரு வெள்ளைக் கோபுரம், மேலே கம்பம், அதில் பெரிய கறுப்புப் பந்து. ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பாதிக் கம்பம் ஏறும், பிறகு உச்சிக்குப் போகும், சரியாக ஒரு மணிக்கு விழும். அன்று கிரீன்விச் வானாய்வகத்திலிருந்து தந்தி வழியாக மின்சார சமிக்ஞை வந்து அதை இறக்கியது. டவுன்ஸில் நின்ற கப்பல்காரர்கள் அதைப் பார்த்துக் குரோனோமீட்டர் என்கிற தங்கள் துல்லியக் கடிகாரத்தைச் சரிபார்த்தார்கள். நடுக்கடலில் கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறோம் என்று தெரிய மணிதான் துணை. பூமி ஒரு பாகை திரும்ப நான்கு நிமிடம் ஆகும். ஆகவே கடிகாரம் நான்கு விநாடி தப்பினால் பூமத்தியரேகைப் பக்கம் கப்பல் இருக்கும் இடம் கிட்டத்தட்ட 1.85 கிலோமீட்டர் தப்பும். கணக்குப் போட்டுப் பார்.

கேள்வி: வெலிங்டன் பிரபு இறந்தது வால்மரில்தானா? நம் ஊரோடு அவருக்குத் தொடர்பு உண்டா?
– வாசகர், வேலூர்

பதில்: ஆம். வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த அந்தத் தளபதி 1829 முதல் அந்தக் கரையின் லார்ட் வார்டன் என்கிற காவலர் பதவியில் இருந்தார். அதற்குரிய வீடு வால்மர் கோட்டை. 1852 செப்டம்பர் 14-ல் அங்கேயே இறந்தார். அவர் இறந்த நாற்காலியும், ஒடுக்கமான ராணுவக் கட்டிலும் அந்த அறையில் இன்றும் இருக்கின்றன. தொடர்பு உங்கள் ஊரோடேதான். 1799-ல் திப்பு சுல்தான் மேல் வேலூரிலிருந்து கிளம்பிய படையில் ஆர்தர் வெல்லெஸ்லி என்ற பெயரில் அவரும் இருந்தார். ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் அதன் நிர்வாகம் அவர் கைக்குத்தான் வந்தது.

கேள்வி: ஜூலியஸ் சீசர் இறங்கிய இடமும் அதுதானா?
– வாசகர், ஈரோடு

பதில்: கி.மு. 55-ல் இந்தக் கரையில்தான் இறங்கினார் என்பது நெடுநாள் வழக்கு. வால்மரில் நினைவுக்கல் உண்டு. அடுத்த ஆண்டு வந்தபோது இறங்கியது இன்னும் வடக்கே, பெக்வெல் விரிகுடாவில் என்று லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் சொன்னார்கள்.

கேள்வி: எழுபது தாண்டிய அம்மாவையும் கூட்டிப்போகிறோம். இங்கிலாந்து வெயில் என்ன செய்துவிடும் என்கிறார். கடலில் கால் நனைக்கவும் ஆசை.
– வாசகி, மதுரை

பதில்: செய்யும் அம்மா, குறைத்து நினைக்காதீர்கள். 2022 ஜூலையில் அந்த நாட்டிலேயே 40.3 டிகிரி போனது. கடல்காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால் சூடு ஏறுவது தெரியாது. தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் கட்டாயம். கோடையில் இரவு எட்டு, ஒன்பது வரை வெளிச்சம் இருக்கும். அதனால் மதியம் அம்மாவைக் கோட்டையின் உள்ளறைகளில் உட்கார வைத்துவிட்டு, கடலுக்கு மாலையில் போங்கள். ரவுண்ட்ஸுக்குள் அவரை இறக்க வேண்டாம், தரை வழுக்கும். வெறுங்காலோடு கூழாங்கல்லில் நடக்கவும் விடாதீர்கள். வாருள்ள செருப்பு நல்லது. கரை சட்டென்று ஆழமாகிவிடும், இரண்டு எட்டு வைத்தால் முழங்கால் தண்ணீர். அலை காலைத் தொடும் இடத்திலேயே உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். மூன்றாவது கோட்டையான சாண்டவுன் ஊரின் வடக்குக் கோடியில் இருக்கிறது. கடல் அரித்ததுபோக மிச்சம் கொஞ்சம்தான். அது வரைக்கும் அம்மாவை நடக்க வைக்க வேண்டாம்; நீங்கள் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.