எல்லா அரசு டேட்டாபேஸையும் இணைத்து நம்மைக் கண்காணிப்பது அவ்வளவு சுலபமா?

ஏதோ செய்தி பார்த்துப் பயந்துபோய்க் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சர்வரும் வேகமும் பணம் கொடுத்தால் கிடைக்கும். இரண்டு பதிவும் ஒரே ஆளுடையதுதானா என்று கண்டுபிடிப்பதில்தான் உயிர் போகும். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு வங்கி, பயணம், தொலைபேசி என 21 வகைத் தகவல்களை இணைக்கத் திட்டமிட்ட நேட்கிரிட் என்ற மத்திய அரசுத் திட்டம், பத்து வருடத்துக்கு மேல் இழுத்தது.

பழைய காவல் நிலையப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் ஒப்பந்த வேலையில் இருந்தேன். பெயர் பொருத்தும் விதிகளை எழுதியது நான்தான். பெயர்களை ஒலியை வைத்துப் பொருத்தும் சவுண்டெக்ஸ் என்று ஒரு முறை. ஆங்கிலப் பெயர்களுக்காக உருவாகி 1918-இல் காப்புரிமை பெற்றது. ‘அழகு’வை ஒருவர் ‘எல்’ போட்டும் இன்னொருவர் ‘இசட் எச்’ போட்டும் எழுதினால் அதன் கணக்கில் இரண்டு பேர். ஆனால் செ. முருகன், சு. முருகன், ச. முருகன் மூவரும் ஆங்கிலத்தில் எஸ். முருகன். வயது மட்டும் சொன்னவர்களுக்கெல்லாம் ஜனவரி 1 பிறந்தநாள்.

அப்படித்தான் ஒரு கொத்தனாரின் பாஸ்போர்ட் விசாரணையில் வேறு யாருடைய 1998 அடிதடி வழக்கோ வந்து நின்றது. என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். ஜவுளிக்கடைப் பையிலிருந்து ரேஷன் கார்டை எடுத்து, மடிப்பை விரலால் நீவி, “எங்கப்பா பேரு சுப்பையா சார், செல்வம் இல்ல” என்றார். திருத்த மூன்று வாரம் ஆனது. அதற்குள் ஏஜென்ட் வேறு ஆளை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டார். ஆயிரத்துக்கு ஒரு பிழை என்றாலும் ஏழு கோடிப் பேரில் 70,000 பேர் இப்படி நிற்பார்கள்.

ஆதார் வந்ததும் இதெல்லாம் தீர்ந்ததே என்று யாராவது வருவீர்கள். 1998 எஃப்.ஐ.ஆரில் ஆதார் எண் எங்கே இருக்கும்? அரசுக்குச் சப்பைக்கட்டு கட்டுகிறேன் என்றும் சொல்லாதீர்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னதை முழுமனதோடு ஏற்பவன் நான். இணைப்பது கஷ்டம் என்பதால் இணைக்காமல் விடமாட்டார்கள், தப்பும் தவறுமாக இணைப்பார்கள் என்பதுதான் என் கவலை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பிழைக்குத் திட்டு வாங்கியது டைப் செய்த பெண்கள். அப்பா பெயரை முழுதாகக் கேட்காத படிவத்தை வடிவமைத்தவர்கள் யாரும் அதை விசாரித்த கூட்டத்துக்கே வரவில்லை. அந்தப் பெண்களுக்குப் பதிவுக்கு இவ்வளவு என்று கூலி. அதிலும் இரண்டு மாதப் பணத்தை சப்-கான்ட்ராக்டர் தரவேயில்லை. ஒரு பெண் வேறு வேலைக்குப் போன பிறகும் மாதாமாதம் எனக்குப் போன் செய்து, “சார், ஏதாவது தகவல் வந்துச்சா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.