தடுக்கப்பட்ட இணையக் குழுக்களை அடைவது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி (வவுனியா வாசகர்): 2022 ஏப்ரல் 3 அன்று இலங்கையில் ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் முடக்கப்பட்டது நினைவிருக்கும். அப்படி மீண்டும் நேர்ந்தால் டிஎன்எஸ்ஸை (தளப் பெயருக்குரிய எண் முகவரியைத் தேடித்தரும் சேவையை) மாற்றினால் போதுமா?

பதில்: தளத்தின் முகவரியைக் கேட்கும்போது இணைய நிறுவனம் பொய் விடை தருவதுதான் தடை என்றால் போதும். தளத்தின் எண் முகவரியான ஐபி முகவரியையே மறித்தாலோ, இணைப்பு தொடங்கும் கணத்தில் வெளிப்படையாகச் செல்லும் தளப் பெயரைப் படித்து அறுத்தாலோ உதவாது. அப்போது விபிஎன், அதாவது உங்கள் இணைப்பை மறையாக்கி வேறொரு சர்வர் வழியே அனுப்பும் சேவை, வேண்டும்.

கேள்வி (மட்டக்களப்பு வாசகர்): விபிஎன்னையும் தடுத்துவிட்டால்?

பதில்: 2019 ஏப்ரலில் இலங்கையில் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தபின், சமூக ஊடகங்களுடன் டனல்பேர் என்ற விபிஎன்னும் முடக்கப்பட்டது. உறவினரைத் தேடித் தவித்தவர்களின் வழியையும் சேர்த்து அடைத்த அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டு விபிஎன்களையும் டார் உலாவியையும் (இணைப்பைப் பல தன்னார்வலர்களின் சர்வர்கள் வழியே சுற்றி அனுப்பும் உலாவி) இன்றே நிறுவிக்கொள்ளுங்கள். தடை வந்தபின் பதிவிறக்கும் பக்கமே திறக்காமல் போகலாம். டாரும் தடுக்கப்பட்டால் அதன் இணைப்பு அமைப்புகளில் 'ஸ்னோஃப்ளேக்' பாலத்தை, அதாவது டாருக்குள் நுழையும் மாற்று வழியை, தேர்ந்தெடுங்கள். தடையில்லாத நாடுகளில் உள்ள தன்னார்வலர்களின் உலாவிகள் வழியே, காணொளி அழைப்புக்குப் பயன்படும் அதே நுட்பத்தில் தரவு செல்வதால் அதைப் பிரித்தறிந்து மறிப்பது கடினம். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் தம் உலாவியில் ஸ்னோஃப்ளேக் நீட்சியைச் சேர்த்தால், அவரும் அத்தன்னார்வலர்களில் ஒருவராகிவிடுவார்.

கேள்வி (சென்னை வாசகர்): விபிஎன் இருந்தால் நான் யாரென்று தெரியாதல்லவா?

பதில்: தெரியலாம். தடையைத் தாண்டுவது வேறு, அடையாளத்தை மறைப்பது வேறு. உங்கள் இணைய நிறுவனத்திடமிருந்து மறைந்த விவரம் விபிஎன் நிறுவனத்தின் கைக்குப் போகிறது. இந்தியாவில் 2022இல் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்குமாறு விபிஎன் நிறுவனங்களுக்கு ஆணையிட்டதால் எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்டுவிபிஎன் போன்றவை இங்கிருந்த சர்வர்களை அகற்றின. தவிர, வாட்ஸ்அப் குழுவில் உங்கள் தொலைபேசி எண்ணை எல்லா உறுப்பினரும் பார்க்க முடியும். எந்த விபிஎன்னும் அதை மறைக்காது.

கேள்வி (கோவை வாசகர்): இணையமே நிறுத்தப்பட்டால்?

பதில்: 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் நடந்தது அதுதான், அந்நிலையில் விபிஎன்னும் டாரும் பயனற்றவை. பிரையர் என்ற ஆண்ட்ராய்டு செயலி, இணையம் இல்லாதபோது அருகருகே உள்ள கைபேசிகளுக்கிடையே புளூடூத் அல்லது வைஃபை வழியாகச் செய்திகளைக் கடத்தும். அதற்குள் கலந்துரையாடல் குழுக்களையும் நடத்தலாம். நண்பரை நேரில் சந்திக்கும்போதே இருவரும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து ஒருவரையொருவர் சேர்த்துக்கொள்ளுங்கள்.