இன்வேட்டர் இல்லாமல் ரவுட்டர் ஓட்டுவது
குச்சவெளியில் கரண்ட் இல்லாத வீட்டுக்கு, சோலாரில் சார்ஜ் ஆகும் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய பற்றரியில் இரவு பகலாக வைஃபை வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். முதலில், பற்றரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வேட்டரை விடுங்கள். சும்மா ஓடினாலே அது 10 வாட் அளவில் இழுக்கக்கூடும். 12 வோல்ட் ரவுட்டராகப் பார்த்து வாங்குங்கள். அது 6 வாட் எடுத்தால் நாளுக்கு 144 வாட்-மணி, அதாவது 12 ஆம்பியர்-மணி. பாதி பற்றரியிலேயே நாலு நாள் ஓடும், மார்கழி மழைக்கு அது கட்டாயம் தேவை.

ஆனால் பற்றரியில் நேரே கொழுவிவிடாதீர்கள்! நல்ல வெயிலில் சார்ஜ் ஏறும்போது அது 14.4 வோல்ட் வரை போகும். நிலாவெளியில் அக்கா வீட்டு ரவுட்டர் அப்படித்தான் கருகியது, மூடியைத் திறந்தால் கெப்பாசிட்டர் வீங்கிக் கிடந்தது. ஏறினாலும் இறங்கினாலும் 12 வோல்ட்டை நிலையாகத் தரும் கன்வேட்டர் ஒன்றை நடுவில் போடுங்கள். அப்புறம், பற்றரிப் பக்கம் 2 ஆம்பியர் ஃபியூஸ். கடற்காற்றில் முனைகள் பச்சை பிடிக்கும், கிரீஸ் பூசி வையுங்கள்.